கோடை முகாமில் பொருளாதாரம் படித்தவர்கள் இங்கே வரவும்

பாலாற்றங்கரை

மே மாதம், ஏற்காடு, கல்லூரி மாணவர்களுக்கான கருத்தரங்கு. யார் நடத்தியது என்பது வேண்டாம். உறை விளையாட்டு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆளுக்கொரு பழுப்பு உறை, உள்ளே ஏதாவது சில்லறைப் பொருள், அதற்குப் பத்துக்கு எத்தனை தருவாய், பலகையில் கூட்டல், பிறகு பண்டமாற்று, மறுபடி கூட்டல். அதேதான்.

எங்கள் அரங்கிலும் கூட்டுத்தொகை சுற்றுக்குச் சுற்று ஏறியது. "புதிதாக ஒரு குண்டூசிகூட உற்பத்தியாகவில்லை, ஆனாலும் மதிப்பு பெருகிவிட்டது, பாருங்கள்" என்றார் பேராசிரியர். பேனாவைக் கொடுத்துக் கடலை மிட்டாய் வாங்கியிருந்த எனக்கும் பரம திருப்தி. பக்கத்து வரிசையில் தருமபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவள் உறையில் இருந்தது ஓர் ஊக்கு, அதுவும் துருப்பிடித்தது. ஒவ்வொரு சுற்றிலும் அரங்கு முழுக்க நடந்து பார்த்தாள். ஒருவரும் வாங்கவில்லை. தொடக்கத்தில் "ஒன்று" என்று சொன்னவள், கடைசிக் கூட்டலில் "பத்து" என்றாள். பேராசிரியர் எழுதப்போன கையை நிறுத்தினார்.

"மாற்றிக்கொள்ளவே இல்லையே, எப்படியம்மா ஏறியது?"

"குறைத்துச் சொன்னால் உங்கள் கணக்கு சரியாக வராதே, சார்."

அரங்கு சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே அந்தப் பத்தையும் சேர்த்துக் கூட்டிவிட்டார். அவள் சிரிக்கவில்லை. கேலி செய்தாளா, நிஜமாகவே அவருக்கு உதவ நினைத்தாளா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

மேலமாசி வீதி

கேலிதான், சந்தேகமே வேண்டாம். யார் கைக்கு எந்த உறை வந்தது என்பதை அந்த விளையாட்டில் யாரும் கேட்பதில்லை. அவள் கேட்டுவிட்டாள்.

எங்களுடையது எதிர்முகாம். மதுரைக்கு வெளியே, விடுமுறையில் பூட்டிக்கிடந்த பள்ளிக்கூடத்தில் மார்க்சிய வகுப்பு. உபரி மதிப்பு. 'மூலதனம்' முதல் பாகத்தில் வருகிற அதே கணக்கு: பன்னிரண்டு மணி நேர வேலைநாள், தன் கூலிக்கு ஈடானதைத் தொழிலாளி ஆறு மணி நேரத்தில் உழைத்துத் தீர்த்துவிடுகிறான், மிச்ச ஆறும் முதலாளிக்கு. தோழர் பலகையில் நீளமாகக் கோடு போட்டு நடுவில் வெட்டினார். தேநீர்த் தூக்கோடு வாசலில் நின்ற சமையல்கார அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எனக்கு மணிக்கணக்கு இல்லையே தோழர், இலைக்கு இவ்வளவு என்றுதானே பேச்சு? என் கோட்டை எங்கே வெட்டுவீர்கள்?"

விடை இருக்கிறது. அதே புத்தகத்தில் பீஸ் ரேட் கூலிக்குத் தனி அத்தியாயமே உண்டு. காலக்கூலிதான் வேறு வடிவில் வருகிறது என்கிறார் மார்க்ஸ். தோழருக்கும் அது தெரியும், பிற்பகலில் எங்களுக்கு நடத்தினார். ஆனால் அண்ணனிடம் சொன்னது, "டம்ளர்களை அந்தப் பக்கம் வையுங்கள்." அண்ணன் வைத்துவிட்டுப் போனார். கடைசி நாளில் இலைக்கணக்கில் எத்தனை விட்டுப்போயிற்று என்று அவருக்கும் பொறுப்பாளருக்கும் நடந்த வாக்குவாதம் தனிக் கதை.

நெல்லைச் சீமை

இந்த மாதிரிக் கதைகளில் தவறாமல் ஒரு சமையல்காரர் வந்து, ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போகிறார். இருக்கட்டும். மேலமாசி வீதிக்கு ஒரு கேள்வி. யார் கைக்கு எந்த உறை என்று கேட்டது சரி. உங்கள் தீர்வு என்ன? எல்லா உறையையும் ஒருவரே வாங்கி வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துத் தருவதா? 1991-இல் பொருளாதாரம் தாராளமயமாகும் வரை அந்த வரிசையில்தானே நின்றோம்?

என் அனுபவம் சென்னையில். தலைப்பு சுதந்திராக் கட்சி. 1959-இல் ராஜாஜி தொடங்கியது, தொழில் செய்ய எதற்கும் அரசு அனுமதி வேண்டும் என்ற ஆட்சிக்கு லைசென்ஸ்-பர்மிட் ராஜ்யம் என்ற வசவு, 1967-இல் மக்களவையில் 44 இடம், எதிர்க்கட்சிகளில் முதலிடம், எல்லாம் தெரிந்ததுதான். பேசியவர் எழுபதைத் தாண்டியவர். 1952-இல் முதலமைச்சராக வந்ததும் ராஜாஜி உணவு தானியங்கள் மீதான அரசுக் கட்டுப்பாட்டை நீக்கினார் என்று சொல்லும்போது அவர் குரலே மாறியது. என் நண்பன் எழுந்தான். "அரசு தலையிடக் கூடாது என்றவர், அடுத்த ஆண்டே தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைப் பழகச் சொன்னாரே, அது தலையீடு இல்லையா?"

பெரியவர் தண்ணீர் குடிக்கவில்லை, செருமவில்லை. "தலையீடுதான். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 1954-இல் அவர் பதவி விலக நேர்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்த கேள்வி?"

நண்பனின் நோட்டில் அடுத்தடுத்த கேள்விகள் வரிசையாகக் காத்திருந்தன. எல்லாம் அவர் மழுப்புவார் என்று நம்பி எழுதியவை. ஒவ்வொன்றாகப் பேனாவால் அடித்துக்கொண்டே, "சண்டை போடவே விடமாட்டேன் என்கிறாரே இந்த ஆள்" என்று முணுமுணுத்தான். இரவுச் சாப்பாடு வரை கோபம் தணியவில்லை.

சேலத்து மாம்பழம்

நான் போன முகாமில் சான்றிதழில் என் பெயரைத் தவறாக அடித்துவிட்டார்கள். திருத்தித் தருகிறோம் என்றவர்கள் தரவே இல்லை. அவ்வளவுதான் என் கதை. இந்த ஆண்டு போகப்போகும் தம்பி தங்கைகளுக்குச் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன்.

ஏற்காடு என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறாதீர்கள். மே மாதம்தானே என்று போர்வை இல்லாமல் போகாதீர்கள். பயணச் செலவைத் தருகிறோம் என்றால் எந்த வகுப்புக்கு என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம் என்றால் பணம் எங்கிருந்து வருகிறது என்று முதல் நாளே கேளுங்கள். கேட்டதற்காக யாரும் ஊருக்கு அனுப்பிவிட மாட்டார்கள். கேள்வியை இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள், நீட்டினால் முதல் பாதிக்கு மட்டும் பதில் சொல்லித் தப்பிவிடுவார்கள்.

முக்கியமாக, எதிர்த்தரப்பைப் படித்துவிட்டுப் போங்கள். சந்தை முகாமுக்குப் போகிறவர்கள் அம்பேத்கரின் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' படியுங்கள்; 1947-இல் எழுதியது, விவசாயத்தையும் முக்கியத் தொழில்களையும் அரசு நடத்த வேண்டும் என்கிறார். இடதுசாரி முகாமுக்குப் போகிறவர்கள் அதே அம்பேத்கர் 1923-இல் எழுதிய ரூபாய் பற்றிய நூலைப் படியுங்கள். நாணயத்தை அரசின் இஷ்டத்துக்கு விடக் கூடாது என்று வாதாடுகிறார். ஜே.சி. குமரப்பா தஞ்சாவூர்க்காரர், கிராமப் பொருளாதாரத்துக்கே வாழ்வைக் கொடுத்தவர், அவர் பெயர் இரண்டு முகாமிலும் என் காதில் விழவில்லை. நீங்களாவது இழுத்து வாருங்கள். இரவு அரட்டையைத் தவறவிடாதீர்கள், பாதிப் படிப்பு அங்கேதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துப் போங்கள், அறைக்கு ஒரு பிளக்தான் இருக்கும்.

கடல் கடந்தவன்

அண்ணா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. ஆனால் இரவு அரட்டை பற்றிச் சொன்னது சரி.

அமெரிக்காவில் முதுகலை படிக்கும்போது போன ஒரு வார முகாம், மாணவர்கள் காலி செய்துவிட்டுப் போன விடுதியில். பகலில், சந்தைக்காக வாதாடிய பொருளாதார அறிஞர் ஹயக்கின் 1945-ஆம் ஆண்டுக் கட்டுரை. எங்கோ வெள்ளீயம் தட்டுப்பாடாகிறது. ஏன் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. விலை ஏறுவதே எல்லோரையும் சிக்கனமாகப் புழங்கவைத்துவிடும். இரவு முற்றத்தில் பேச்சு தொடர்ந்தது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்குக் காசு கிடையாது என்றேன். ஒஹையோ மாணவன் ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஏழைகளுக்கு மட்டுமா என்று கேட்டான். இல்லை, அரிசி அட்டை உள்ள எல்லோருக்கும் என்றேன்.

"விலையே இல்லை என்றால் யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று எப்படித் தெரியும்? உங்கள் வீட்டில் அந்த அரிசியை என்ன செய்தீர்கள்?"

எங்கள் வீட்டில் அம்மா பாதியை இட்லிக்கு ஊறவைப்பார். மீதியை சைக்கிளில் வருகிறவருக்குப் போட்டுவிட்டு, அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்துப் பொன்னி அரிசி வாங்குவார். அப்பாவுக்கு வேலை இல்லாத மாதங்களில் மட்டும் ஒரு படிகூட வாசலைத் தாண்டாது. முழுவதையும் சொன்னால் அவன் தன் கட்சி ஜெயித்தது என்பான். எதிரே இருந்த ஸ்வீடன் பெண் தன் கட்சி ஜெயித்தது என்பாள். அம்மாவை உதாரணமாக்க மனம் வரவில்லை. "இட்லிக்கு" என்று மட்டும் சொன்னேன். பிறகு இட்லி என்றால் என்ன என்று விளக்குவதிலேயே நள்ளிரவாகிவிட்டது.

கண்மாய்க்கரை

எங்கள் முகாமில் மிட்டாய் விளையாட்டு. மேசை நடுவில் ஒரு தட்டு மிட்டாய். யாரும் எவ்வளவும் எடுக்கலாம், சுற்று முடிவில் மிஞ்சியது இரட்டிப்பாகும், பேசக் கூடாது. மற்ற மேசைகளில் எல்லாம் முதல் சுற்றிலேயே தட்டை வழித்துவிட்டார்கள். "பொதுச் சொத்தின் கதி இதுதான். தனியாருக்குக் கொடு, இல்லையென்றால் அரசிடம் கொடு" என்று சொல்ல வாயெடுத்தார் நடத்தியவர்.

இராமநாதபுரத்துப் பையன்கள் மேசையில் மட்டும் தட்டு நிறைந்து வழிந்தது. ஒருவன் தட்டின் மேல் கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒன்றாக அவனே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். என்ன இது என்று கேட்டதற்கு, "இவன் எங்கள் நீர்க்கட்டி, சார். சுற்றுக்கு ஒரு மிட்டாய் கூலி" என்றார்கள். கண்மாயில் முறைவைத்துத் தண்ணீர் விடுகிறவரை நினைத்து வைத்த பெயர். பேசாமலே எப்படி ஆள் நியமித்தீர்கள், விதியை மீறிவிட்டீர்கள் என்று அந்தக் குழுவை ஆட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்.

மறுநாள் அதே மனிதர் எலினார் ஆஸ்ட்ரம் படத்தைத் திரையில் போட்டார். பொதுச் சொத்தை ஊராரே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டியவர், 2009-இல் நோபல் பரிசு பெற்றவர், பொருளாதாரத்தில் அதைப் பெற்ற முதல் பெண். நான் இராமநாதபுரத்து மேசையைத் திரும்பிப் பார்த்தேன். மும்முரமாக மிட்டாய் தின்றுகொண்டிருந்தார்கள்.

மேலமாசி வீதி

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் நீர்க்கட்டி வேலை எந்தத் தெருவுக்குப் போகும் என்று அவர்களிடம் கேட்டீர்களா? தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுப்பவருக்குப் பல ஊர்களில் அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் ஒரு செண்ட் நிலம் இருக்காது.

கண்மாய்க்கரை

கேட்காமல் இருப்பேனா? சாப்பாட்டு வரிசையில் கேட்டேன். "அதனால்தான் நாங்கள் சீட்டுக் குலுக்கி எடுத்தோம்" என்றான் நீர்க்கட்டியாக இருந்தவன். பேசக் கூடாது என்றுதான் விதியாம், சீட்டு எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையாம்.