புதுப்பிப்பு: கடைசிப் புள்ளி இரண்டு தடவை பதிவாவது தீர்ந்தது

சிஎன்சி இயந்திரத்தின் 1000 மி.மீ. எக்ஸ் அச்சை லேசரில் அளக்கும்போது ஆட்டோ கேப்சர் (அச்சு நின்றதும் ரீடிங்கைத் தானே பதியும் வசதி) கடைசிப் புள்ளியை இரண்டு தடவை எடுக்கிறது என்று கேட்டிருந்தேன். காரணம் ஓவர்ரன், அதாவது அச்சு கடைசிப் புள்ளியைத் தாண்டிப் போய்த் திரும்பும் தூரம். அது டாலரன்ஸ் விண்டோவுக்குள் (இலக்கிலிருந்து இவ்வளவு தள்ளி நின்றாலும் ஏற்கலாம் என்ற எல்லை) அடங்கினால், அச்சு திரும்புமிடத்தில் நிற்பதையும் சாஃப்ட்வேர் இலக்குப் புள்ளியாகவே எடுத்துக்கொள்ளும். விண்டோ 1 மி.மீ., ஓவர்ரன் 4 மி.மீ. என்றதும் சரியானது. ஓவர்ரனே வேண்டாம் என்று நீக்கிவிடாதீர்கள், பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் தளர்வு) ரீடிங்கில் கலந்துவிடும்.

புள்ளிக்குப் புள்ளி நிறுத்தம் 4 விநாடி. ரீடிங் நிலைப்பதற்கான நேரத்தைவிட இது கூடுதலாக இருக்க வேண்டும்.

புள்ளிகளின் இடைவெளி பால் ஸ்க்ரூ பிட்ச்சின் (அச்சை நகர்த்தும் திருகு ஒரு சுற்றில் நகர்த்தும் தூரம்) முழு மடங்காக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப வரும் சுழற்சிப் பிழை ஒளிந்துகொள்ளும். கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

எஃகுக்கு விரிவுக் குணகம் 11.7 பிபிஎம், அதாவது ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 11.7 மைக்ரான். இயந்திரத்தின் வெப்பநிலையை அளக்கும் மெட்டீரியல் சென்சாரை அதில் ஒட்டாமல் காற்றில் தொங்கவிட்டால் 1 டிகிரி வித்தியாசத்துக்கே மீட்டருக்கு 12 மைக்ரான் போய்விடும்.

பிழைத் திருத்த டேபிளை இயந்திரத்தின் கன்ட்ரோலரில் ஏற்றி, ரெஃபரன்ஸ் எடுத்து (அச்சைத் தொடக்கப் புள்ளிக்குக் கொண்டுபோய்), மறுபடி அளங்கள். பிழை இரட்டிப்பானால் டேபிளில் பிளஸ், மைனஸ் தலைகீழ்.