‘சக்கை வத்தல்’ என்று அச்சடித்த பாக்கெட்டை மதுரைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். லேபிளில் என்ன போடலாம்?

குலசேகரம் அக்கா:
எங்கள் குமரிப் பக்கம் சக்கை என்றால் பலாப்பழம். அதன் சுளையை வீட்டிலேயே வறுத்து, சக்கை வத்தல் என்று விற்கிறேன். மார்த்தாண்டம், தக்கலைக் கடைகளில் நன்றாகப் போகிறது. துணிந்து மதுரைக்கு 200 பாக்கெட் அனுப்பினேன். இரண்டே நாளில் போன்: “என்னம்மா, கரும்புச் சக்கையைக் காயவைத்து அனுப்பியிருக்கீங்களா?” ஆங்கிலப் பெயர் போடலாம் என்று மொழிபெயர்ப்புச் செயலியிடம் கேட்டால், அதுவும் கழிவு என்கிறது. சக்கை தமிழே இல்லை, மலையாளம் என்று கொழுந்தன் வேறு சொல்கிறான். மூவாயிரம் லேபிள் மீதி கிடக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

தஞ்சாவூர் மருமகள்:
அக்கா, கடைக்காரர் மேல் தப்பில்லை. கல்யாணமான புதிதில் நாகர்கோவில் மாமியார் “சக்கை வெட்டி வச்சிருக்கேன், வந்து தின்னு” என்றபோது நானும் திகைத்துத்தான் நின்றேன். எங்கள் பக்கம் சக்கை என்றால் சாறு பிழிந்த மிச்சம். வத்தல் என்றால் வெயிலில் காய்ந்த சுண்டைக்காய்; எண்ணெயில் வறுத்த சிப்ஸை யாரும் வத்தல் என்பதில்லை. உங்கள் லேபிளில் இரண்டு சொல்லுமே இடிக்கிறது.

விளவங்கோடு வாத்தியார்:
கொழுந்தனிடம் சொல்லம்மா, அது மலையாளத்துக்கும் நமக்கும் பொதுச் சொல். 1956 நவம்பர் 1 வரை நாமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சிதானே. தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததும் சக்கையின் பேரை யாரும் மாற்றவில்லை.

சொல் போன தூரத்தையும் கேள். 1329-ல் கொல்லத்துக்கு ஆயராக நியமிக்கப்பட்ட ஜோர்டானஸ் இந்தப் பழத்தை லத்தீனில் ‘சக்கி’ என்று எழுதினார். 1563-ல் கோவாவில் அச்சான தன் மருந்து நூலில் போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, மலபாரில் இதற்கு ‘ஜாக்கா’ என்று பேர் என்கிறார். அந்தப் போர்த்துகீசிய ஜாக்காதான் ஆங்கில ஜாக்ஃப்ரூட்டில் ஜாக் ஆனது. கார் தூக்கும் ஜாக்கி வேறு வழி; அது ஜாக் என்ற ஆள்பெயரில் இருந்து வந்தது. போர்த்துகீசியர் சும்மா எடுத்துக்கொண்டு போகவில்லை, பிரேசில் பழங்குடிச் சொல்லான அன்னாசியை நமக்குக் கொடுத்தார்கள். நாம் அதையும் விடாமல் கைதச்சக்கை ஆக்கிவிட்டோம், இலை கைதை, அதாவது தாழை, மாதிரி இருக்கிறதே!

பலா என்று போடவும் கூச்சப்பட வேண்டாம். குறுந்தொகை 18-ல் கபிலர் ‘வேர்க்கோட் பலவின்’ என்கிறார். மரத்தை நாமும் பிலாவு என்றுதானே சொல்கிறோம்.

புனே வாசி:
மராத்தியில் ‘சக்கா’ என்றால் தண்ணீர் வடித்த கெட்டித் தயிர், ஸ்ரீகண்ட் செய்வார்கள். இந்தியில் அதுவே சக்கரம். சாலை மறியலுக்கு ‘சக்கா ஜாம்’ என்று பேர். முதல் தடவை கேட்டபோது பலாப்பழ ஜாம் என்று நினைத்த நாகர்கோவில்காரன் நான்.

தக்கலை அச்சகம்:
தோழர்களே, அக்கா கேட்டது லேபிள். மூவாயிரத்தையும் கிழிக்க வேண்டாம். மேலே பளிச்சென்று ‘பலாச்சுளை சிப்ஸ்’ என்று ஒரு ஸ்டிக்கர், ஒரு ஓரத்தில் சுளைப் படம். ‘சக்கை வத்தல்’ கீழே அப்படியே இருக்கட்டும், அதுதான் நம் ஊர் அடையாளம். நம் மாவட்டக் கடைகளுக்கு ஸ்டிக்கரே வேண்டாம். வறுப்பது கெட்டிச் சுளை வருக்கையா, குழைந்த சுளைக் கூழனா?

குலசேகரம் அக்கா:
வருக்கைதான் தம்பி. கூழனை வறுத்தால் எண்ணெய் குடித்துத் தொளதொளவென்று ஆகிவிடும்.

தக்கலை அச்சகம்:
அப்போ ‘வருக்கைச் சுளை’ என்றே போடுங்கள். குற்றாலம் போய் வருக்கைப் பலா தின்றவர்களுக்குக்கூடப் புரியும்.

குலசேகரம் அக்கா:
சரி, 500 ஸ்டிக்கர் முதலில் அடித்துக் கொடுங்க. மதுரைக்காரரிடம் பேசிவிட்டேன், 50 பாக்கெட் மட்டும் வைத்துப் பார்க்கிறாராம். சக்கைப்போடு போடும் என்றேன். அது மட்டும் அவருக்கு உடனே புரிந்தது!