ஃப்ரீசரிலிருந்து எடுத்த ரசாயனப் புட்டியை உடனே திறந்தவர்கள் உண்டா? உங்கள் ஆய்வக அனுபவங்களைச் சொல்லுங்கள்

காரைக்குடி ஆய்வு மாணவி:

கத்திரி வெயில் தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும். காரைக்குடியை ஒட்டிய ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருக்கிறேன். இரண்டு மூன்று அமினோ அமிலங்களைக் கோத்துச் சின்னச் சின்ன பெப்டைடுகள் செய்வது என் வேலை. அன்று தேவைப்பட்டது பாக்-அலனின் சக்சினிமைடு எஸ்டர், அதாவது கோப்பதற்குத் தயார் செய்த ஓர் அமினோ அமிலப் பொடி. ஃப்ரீசரிலிருந்து புட்டியை எடுத்தேன், தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன், மூடியைத் திருகினேன். எல்லாம் ஒரே மூச்சில்.

தராசில் எண் நிலைப்பதற்குள் புட்டி முழுக்க வியர்த்துவிட்டது. லேபிளில் நான் எழுதியிருந்த தேதி கரைந்து க்ளவ்ஸில் ஒட்டிக்கொண்டு வந்தது. வெளியே இவ்வளவு ஈரம் என்றால், திறந்த வாய் வழியாக உள்ளே இருக்கும் குளிர்ந்த பொடியின் மேலும் இதே ஈரம்தானே இறங்கும்? அன்று அது எனக்குத் தோன்றவே இல்லை. துடைத்தேன், மூடினேன், மறுபடி ஃப்ரீசருக்குள் வைத்தேன். இப்படி ஏழெட்டுத் தடவை.

ஒரு மாதத்தில் பொடி கட்டி தட்டிப்போனது. ஸ்பாட்டுலாவால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வினையும் பாதியில் நின்றது. டி.எல்.சி. (கலவையில் இருப்பவற்றைத் தட்டில் தனித்தனிப் பொட்டுகளாகப் பிரிக்கும் சோதனை) ஓட்டி, பொட்டுக்கு நிறம் கொடுக்கும் நின்ஹைட்ரின் தெளித்துச் சூடு காட்டிப் பார்த்தால், மேலே ஒரே பொட்டு இருக்க வேண்டிய தட்டில் அடியிலும் ஒரு பொட்டு, வால் இழுத்துக்கொண்டு. எஸ்டர் நீரோடு சேர்ந்து வெறும் பாக்-அலனினாக மாறியிருந்தது.

வேதியியல் படிக்காதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. அமினோ அமிலத்துக்கு இரண்டு முனை. இரண்டையும் திறந்துவிட்டால் கண்டபடி ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அதனால் அமீன் முனைக்கு பாக் அல்லது எஃப்மாக் என்று ஒரு மூடி போடுகிறோம். நான் சொன்ன எஸ்டரில் மற்ற முனை எதனோடாவது சேரத் தயாராகக் காத்திருக்கும். அமீன் கிடைக்காவிட்டால் தண்ணீரே போதும் அதற்கு.

இப்போது என் வழக்கம் இது. எடுத்த புட்டி மூடியபடியே டெசிகேட்டருக்குள், அதாவது ஈரம் உறிஞ்சும் பொருள் போட்ட மூடிய பாத்திரத்துக்குள், போகும். சிறிய புட்டிக்கு ஒரு மணி நேரம், பெரியதற்கு இன்னும் கூட. கையில் பிடித்தால் குளிர் தெரியக்கூடாது. புதுப் புட்டி வந்தால் முதல் தடவை திறக்கும்போதே இரண்டிரண்டு கிராமாகச் சின்னக் குப்பிகளில் பிரித்து, பாராஃபில்ம் என்ற மெழுகுப் படலத்தைச் சுற்றி, திறந்த தேதியைப் பென்சிலால் எழுதிவிடுகிறேன். பென்சில் எழுத்து ஈரத்தில் கரையாது. அதிகமாக எடுத்துவிட்டதைத் திரும்பப் புட்டியில் கொட்டுவதும் இல்லை. எங்கள் அப்பத்தா ஆவக்காய் ஜாடிப் பக்கம் ஈரக் கரண்டியோடு யாரையும் அண்டவிட மாட்டார். அதைப் பார்த்து வளர்ந்த நான் இதை முன்பே உணர்ந்திருக்க வேண்டும்.

ஸ்டோர் பொறுப்பாளர், காரைக்குடி:

தங்கச்சி, எனக்கு நேர்ந்தது மூடி போடும் மருந்திலேயே. பாக் அன்ஹைட்ரைடு. அது உருகுவது ஏறக்குறைய 23 டிகிரியில். நம் ஊரில் ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வந்தால் திடப்பொருளாக நிற்க வழியே இல்லை. ஒரு சனிக்கிழமை மதியம் பார்சல் வந்தது. வாங்கி வைத்தவர் தாழ்வாரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். திங்கள் காலை நான் பார்க்கும்போது பிளாஸ்டிக் புட்டி வயிறு உப்பி நின்றது.

நான் செய்த தப்பு, ஸ்டோர் மேசையிலேயே மூடியைத் தளர்த்தியது. புஸ்ஸென்று காற்று முகத்தில் அடித்தது. கரியமில வாயுதான், சிதையும்போது அது வரும். ஆனால் அதோடு மருந்தின் ஆவியும் வருமே, அதுதான் ஆபத்து. மூச்சோடு உள்ளே போனால் உயிருக்கே கேடு என்று பாதுகாப்புத் தாளில் போட்டிருக்கிறது. அன்று முழுக்க இருமினேன், டாக்டரிடம் காட்டின பிறகுதான் நிம்மதி. உப்பின புட்டியைத் தொடவே கூடாது. புகைக் கூண்டு (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அலமாரி) இருக்கும் ஆய்வகத்துக்குச் சொல்லி, தெரிந்தவர்கள் வந்து பார்க்கட்டும். அதற்கப்புறம் ஆர்டர் போடும்போதே, வெள்ளி, சனியில் வந்து சேரும்படி அனுப்பாதீர்கள் என்று எழுதிக் கொடுக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘அமினோ அமிலம்தானே, பருப்பில் இருப்பதுதானே’ என்று பிள்ளைகள் முகக்கவசம் இல்லாமல் எடை போடுகிறார்கள். பருப்பில் இருப்பது அலனின். இந்தப் புட்டியில் இருப்பது அது இல்லை. பொடி மெல்லியது, ஸ்பாட்டுலாவில் மின்னூட்டம் ஏறினால் பஞ்சு மாதிரி பறந்து கண்ணில் மூக்கில் படும், எரிச்சல் கொடுக்கும். இவற்றில் பலவற்றுக்கு நீண்ட நாள் பாதிப்பு என்ன என்று முழுசாக ஆராய்ந்ததே இல்லை. நைட்ரைல் க்ளவ்ஸ், கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் வேண்டும். டெசிகேட்டரில் நீல சிலிக்கா ஜெல் போட்டிருந்தால் அதைக் கையால் அள்ளாதீர்கள், அந்த நீலம் கோபால்ட் குளோரைடு. ஆரஞ்சு நிறத்தில் கோபால்ட் இல்லாத வகை கிடைக்கிறது, நாங்கள் அதற்கு மாறிவிட்டோம்.

வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறந்த ஊர் இது. வேதியியலை நம்பிப் படிக்க வரும் பிள்ளைகள் இங்கே அதிகம். அவர்கள் இருமிக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

தேவகோட்டை ஆசிரியர்:

எனக்கு ஒரு சந்தேகம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் மின்சாரம் போனால் சாயங்காலம்தான் வருகிறது. ஃப்ரிட்ஜில் எஃப்மாக் போட்ட அமினோ அமிலங்கள் பத்துப் பன்னிரண்டு புட்டி இருக்கின்றன. போன தடவை பயந்துபோய் எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஐஸ் பெட்டிக்கு மாற்றினேன். புட்டியெல்லாம் நனைந்ததுதான் மிச்சம். டி.எம்.எஃப். என்ற கரைப்பானில் கரைத்து வைத்த கரைசலும் ஒரு புட்டி இருக்கிறது. கொஞ்ச நாளாக அதில் மீன் கவிச்சி வாடை அடிக்கிறது.

காரைக்குடி ஆய்வு மாணவி:

சார், உலர்ந்த பொடியைப் பற்றிக் கவலை வேண்டாம். சாதாரண எஃப்மாக் அமினோ அமிலங்கள் மூடிய புட்டியில் ஒரு பகல் வெளிச்சூட்டில் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. கதவைத் திறக்காமல் விட்டாலே உள்ளே குளிர் பல மணி நேரம் நிற்கும். சக்சினிமைடு எஸ்டர் ஏதாவது இருந்தால் அதை மட்டும் டெசிகேட்டரில் வைத்து மாற்றுங்கள். எத்தனை டிகிரியில் வைப்பது என்று புட்டி லேபிளில் இருப்பதே கணக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கிடையாது.

கரைசல் விஷயம் வேறு. அந்தக் கவிச்சி, டி.எம்.எஃப். சிதைந்து வரும் டைமெத்தில் அமீன். 1970-இல் கார்பினோ, ஹான் என்ற வேதியியலாளர்கள் எஃப்மாக்கைக் கொண்டுவந்தபோது அதன் சிறப்பே அதுதான்: அமிலத்துக்கு அசையாது, அமீன் பட்டால் கழன்றுவிடும். பிப்பெரிடின் என்ற அமீனை ஊற்றி நாம் வேண்டுமென்றே கழற்றுவதை, அந்தப் புட்டிக்குள் கெட்டுப்போன கரைப்பானே மெதுவாகச் செய்துகொண்டிருக்கிறது. அதை எதற்கும் பயன்படுத்தாதீர்கள். தேவைப்படும் அன்று, தேவைப்படும் அளவுக்கு மட்டும் கரைத்துக்கொள்ளுங்கள். டி.எம்.எஃப். தோல் வழியாக உள்ளே போகும், மெல்லிய க்ளவ்ஸ் அதை ரொம்ப நேரம் தாங்காது. மேலே பட்டால் உடனே கழற்றி மாற்றிவிடுங்கள்.

தேவகோட்டை ஆசிரியர்:

நன்றிம்மா. அந்தக் கரைசலைக் கழிவுக் கேனில் சேர்த்து, கேனில் பெயரும் எழுதிவிட்டேன். அதே ஃப்ரிட்ஜில் யாரோ தயிர் டப்பா வைத்திருந்தார்கள், பெட்ரோலியம் ஈதரும் இருந்தது. இரண்டையும் வெளியேற்றியாகிவிட்டது. வீட்டு ஃப்ரிட்ஜ்தானே அது, உள்ளே தெர்மோஸ்டாட்டில் ஒரு பொறி பறந்தால் ஈதர் ஆவிக்குப் போதும். வியாழக்கிழமை மறுபடி மின்தடை. ‘திறக்காதே’ என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.