வாஷிங்டனில் சால்மன் ஓடைக்கரை மீட்பு: தயங்கும் நில உரிமையாளர்களை அணுகுவது எப்படி?

கேள்வி: கரையோரம்

அனைவருக்கும் வணக்கம். வாஷிங்டன் மாநிலத்தில், பியூஜெட் சவுண்ட் என்னும் கடல் உள்வாய்க்குக் கிழக்கே உள்ள தாழ்நிலப் பகுதியில், ஓடைக்கரைகளை மீட்கும் ஒரு சிறு தொண்டு அமைப்பில் ஏழு மாதங்களாகப் பணியாற்றுகிறேன். அதற்கு முன் மென்பொருள் துறையில் இருந்தவன் என்பதால், மீனைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஏழு மாதங்களில் கற்றதுதான்.

எங்கள் பொறுப்பிலுள்ள ஓடை பதினொரு பேருடைய நிலங்களின் வழியே ஓடுகிறது. கோஹோ சால்மனும் சம் சால்மனும் இன்னும் அதில் முட்டையிட வருகின்றன. மேல்பகுதியில் நான்கு பேரும் கீழ்ப்பகுதியில் மூன்று பேரும் கரையில் மரம் நட இசைந்துவிட்டார்கள். நடுவில் மாடும் குதிரையும் வளர்க்கும் நால்வர் மட்டும் பிடிகொடுக்கவில்லை. மேலே நிழலில் குளிர்ந்து வரும் தண்ணீர், நடுவில் வெட்டவெளியில் ஓடும்போது சூடாகிவிடுகிறது. எங்கள் ஓடையின் வகைக்கு மாநிலம் வகுத்திருக்கும் வரம்பு 17.5 டிகிரி செல்சியஸ், அதாவது ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் ஏழு நாள்களுக்குச் சேர்த்து எடுத்த சராசரி. சென்ற ஆகஸ்டில் அந்த நடுப்பகுதி அதை வெகுவாகத் தாண்டியது.

நால்வரின் மறுப்பும் ஒரே காரணத்தால் அல்ல. ஒருவர், இன்று மரம் நட்டால் நாளை அந்த இடத்தை அரசு கேட்கும் என்கிறார். கரையோரத்தில் மரத்தின் உயரத்தைக் கணக்கிட்டு அத்தனை அகலத்துக்குத் தடுப்புப் பட்டை விடுவதைக் கட்டாயமாக்கும் மசோதா 2022-இல் சட்டமன்றத்துக்கு வந்து நிறைவேறாமல் போனதை அவர் இன்னும் மறக்கவில்லை. இன்னொருவர், நகரத்து வாகன டயர்களிலிருந்து கழுவப்படும் நஞ்சுதான் கோஹோவைக் கொல்கிறதென்று 2020-இல் ஆய்வாளர்களே கண்டுபிடித்த பின், தன் மாடுகளை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கிறார். மூன்றாமவருக்கு, மரத்தைக் கடித்து ஓடையில் அணை கட்டும் பீவர் என்ற விலங்கு வந்து வயலை மூழ்கடித்துவிடும் என்ற அச்சம். நான்காமவர் எண்பது வயதைக் கடந்தவர். "உங்களைப் போன்றவர்கள்தான் என் தந்தையிடம் வந்து ஓடையில் கிடந்த மரக்கட்டைகளை அகற்றச் சொன்னார்கள், இப்போது நீங்கள் வந்து கட்டைகளைப் போடச் சொல்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இவர்களிடம் பேச்சை எங்கிருந்து தொடங்குவது, எதற்கு வாக்குறுதி தரலாம், எதற்குத் தரக் கூடாது? நிறைய நிலம் விடமாட்டார்கள் என்றால், குறுகிய பட்டையாக நடுவதில் பயன் உண்டா?

பதில்: மேய்ச்சல்நிலம்

நண்பரே, நான் நில உரிமையாளர்கள் பக்கத்து ஆள். இருபத்திரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு மாடு வளர்க்கிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஓடைக்கரையில் வேலி போடக் கையெழுத்திட்டேன். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் மறுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என்னைத் தேடி வந்தவர் சால்மன் படம் போட்ட வண்ணத் தாள்களைக் கொடுத்தார். எனக்கும் சால்மன் பிடிக்கும்தான். ஆனால் அன்றைக்கு என் கவலை வேறு. வெளிவளைவில் கரை ஆண்டுக்கு ஆண்டு அரித்து என் வேலிக் கம்பங்களைத் தின்றுகொண்டிருந்தது, குளிர்காலத்தில் மாடுகள் தண்ணீருக்கு இறங்கும் சரிவு முழங்கால் அளவு சேறாகிக் குளம்பு அழுகல் வந்துகொண்டிருந்தது. அவற்றைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து 'மண் பாதுகாப்பு மாவட்டம்' என்ற, விவசாயிகளுக்கு உதவும் எங்கள் பகுதி அமைப்பிலிருந்து வந்த பெண், தாள் எதையும் எடுக்காமல், "நிலத்தைச் சுற்றிக் காட்டுகிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு மணி நேரம் நடந்தோம். கடைசியில், மேட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்துக் குழாய் இழுத்துக் கொடுத்தால் மாடுகள் ஓடைக்கு இறங்க வேண்டிய தேவையே இருக்காதே என்றார். என் கையெழுத்து அந்தத் தொட்டிக்காகத்தான் விழுந்தது, மரங்கள் அதனுடன் சேர்ந்து வந்தன.

மண் பாதுகாப்பு மாவட்டங்கள் அபராதம் போடும் அதிகாரமில்லாதவை என்பதை விவசாயிகள் அறிவார்கள். வாஷிங்டனில் அவை 45 இருக்கின்றன. உங்கள் அமைப்பு தனியாகப் போய்க் கதவைத் தட்டுவதைவிட அவர்களோடு சேர்ந்து போவது நல்லது. அதைவிடவும் நல்லது, ஏற்கெனவே இசைந்த ஏழு பேரில் ஒருவரை அழைத்துச் செல்வது. பக்கத்து நிலத்துக்காரர் "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வதற்கு இருக்கும் எடை, நீங்கள் அச்சிட்டுக் கொடுக்கும் எதற்கும் இல்லை.

டயர் நஞ்சைப் பற்றிக் கேட்டவரிடம் வாதாடாதீர்கள். அவர் சொல்வது உண்மை. டயரில் சேர்க்கப்படும் ஒரு வேதிப்பொருள் ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் சேர்மம், நகரத்து ஓடைகளில் முட்டையிட வரும் கோஹோவைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடுகிறது. அதை ஒப்புக்கொண்டுவிட்டு, அவருடைய ஓடையில் நெடுஞ்சாலை நீர் எந்த இடத்தில் கலக்கிறதென்று அவரையே காட்டச் சொல்லுங்கள். விவசாயிகளுக்கு உண்மையாகவே கசப்பூட்டுவது, பழி முழுவதும் தங்கள்மேல் விழுகிறது என்பதுதான்.

வாக்குறுதியைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. நட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். என் நிலத்தில் முதல் ஆண்டு நட்டவற்றில் பாதிக்கு மேல் செத்துப்போயின. ஒப்பந்தத்தில் ஐந்து ஆண்டுப் பராமரிப்பு இருந்ததால் ஆள்கள் திரும்பி வந்து நட்டார்கள். எனக்குத் தெரிந்த வேறொருவர் நிலத்தில், பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து ஒரே சனிக்கிழமையில் எண்ணூறு நாற்றுகளை நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போன ஓர் அமைப்பு பின்னர் எட்டிப் பார்க்கவே இல்லை. இன்று அங்கே நிற்பது நெஞ்சளவு புல்லும், புல்லுக்குள் நாற்றுகளுக்குக் காப்பாக மாட்டிய நெகிழிக் குழாய்களும்தான். அந்த ஆள் இனி யாருக்கும் கதவு திறக்கமாட்டார். உங்கள் நால்வரில் ஒருவராவது அப்படியொரு கதையைக் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

பதில்: சரளைமடு

முந்தைய பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஓரிகனில் மீன் வாழிடப் பணிகளில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

அந்த எண்பது வயதுக்காரர் சொன்னது முழுக்கச் சரி. 1950-களிலிருந்து 1970-கள் வரை, விழுந்த மரங்களும் கட்டைக் குவியல்களும் மீனின் வழியை அடைக்கின்றன என்று கருதி, மீன்வளத் துறையினரே ஓடைகளைச் 'சுத்தம்' செய்தார்கள், நில உரிமையாளர்களையும் செய்யச் சொன்னார்கள். அது தவறு. கட்டை கிடக்கும் இடத்தில் தண்ணீர் சுழன்று அடியைக் குடைந்து மடுவை உண்டாக்குகிறது, வேகம் குறையும் இடத்தில் சரளைக்கல் தங்குகிறது. சால்மன் அந்தச் சரளையில்தான் குழி பறித்து முட்டையிடும், குஞ்சுகள் அந்த மடுவில்தான் வெள்ளக் காலத்தில் ஒதுங்கும். கட்டைகள் போனபின் ஓடைகள் வாய்க்கால்போல நேராகவும் வேகமாகவும் ஆகி, சரளையை அடித்துக்கொண்டு போயின. ஆகவே அவரிடம் மீண்டும் போகும்போது முதல் வாக்கியம் "நீங்கள் சொன்னது சரி, எங்கள் துறையினர்தான் தவறு செய்தார்கள்" என்பதாக இருக்கட்டும். அந்தக் கட்டைகள் எங்கெங்கே கிடந்தன, எந்த மடுவில் எத்தனை மீன் நின்றது என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கும். எந்த வரைபடத்திலும் கிடைக்காத செய்தி அது, பொறியாளர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது.

பட்டையின் அகலத்துக்கு வருகிறேன். சம் சால்மன் குஞ்சுகள் சரளையிலிருந்து வெளிவந்த சில வாரங்களில் கடலை நோக்கிப் போய்விடும். கோஹோ அப்படியல்ல, ஓராண்டுக்கு மேல் இந்தச் சிற்றோடையிலேயே வளரும். ஆகவே கோடை வெப்பத்தை முழுவதும் தாங்க வேண்டியது கோஹோதான். ஓடை ஆறேழு அடி அகலமே என்றால், நிழலைப் பொறுத்தமட்டில் குறுகிய பட்டைகூடக் கணிசமான வேலை செய்யும். கிழக்கு மேற்காக ஓடும் இடத்தில் தெற்குக் கரைக்கு முன்னுரிமை கொடுங்கள். ஆனால் நிழல் ஒன்றுதான் பயன் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வயலிலிருந்து வரும் வண்டலையும் எருநீரையும் வடிகட்டவும், எதிர்காலத்தில் முதிர்ந்த மரங்கள் தாமாக ஓடையில் விழவும் அகலம் வேண்டும். சரளைக்குள் நுண்மண் புகுந்தால் முட்டைகளுக்கு உயிர்வளி கிடைக்காது. பதினைந்தடி கிடைத்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள், அதோடு அந்த ஓடைக்குச் செய்ய வேண்டியது முடிந்துவிட்டதாக மட்டும் அறிக்கை எழுதாதீர்கள்.

நடும் முறையில் அவசரம் கூடாது. ரீட் கேனரி புல் மண்டிக் கிடக்கும் கரையில் நேராக நட்டால் நாற்று மூச்சுத் திணறிப்போகும், புல்லுக்குள் ஒளியும் வயலெலிகள் நாற்றுத் தண்டின் தோலைச் சுற்றிலும் கடித்துத் தீர்க்கும். அந்தப் புல்லுக்கு எதிரி நிழல்தான். ஈரமான விளிம்பில் வில்லோ, சிவப்புத் தண்டு டாக்வுட், காட்டன்வுட் ஆகியவற்றை நாற்றாக வாங்க வேண்டியதில்லை. முருங்கைப் போத்து நடுவதுபோல, இலையுதிர்ந்த குளிர்காலத்தில் வெட்டிய போத்துகளை ஆழமாகக் குத்திவிட்டால் வேர் பிடிக்கும். நெருக்கமாகக் குத்துங்கள். சற்று மேட்டில் ஆல்டர், அதன் நிழலில் பின்னர் ரெட் சீடர். பிளாக்பெரி புதரை வெட்டினால் மட்டும் போதாது, வேர்முண்டைத் தோண்டி எடுக்க வேண்டும். 'ஹிமாலயன்' என்று பெயர் பெற்றிருந்தாலும் அது ஆர்மீனியப் பக்கத்துச் செடி. மழை குறையும் ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான் பெரும்பாலான இழப்பு நேர்கிறது, பராமரிப்புப் பணத்தை அந்த மாதங்களுக்கு ஒதுக்குங்கள்.

பீவரைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். வில்லோ வந்தால் பீவரும் வரக்கூடும், அது கட்டும் குட்டை கோஹோ குஞ்சுகளுக்கு மிக நல்ல வளர்ப்பிடம், ஆனால் வயல் நனைவதும் நடக்கக்கூடியதே. அணையின் ஊடே குழாய் பொருத்திக் குட்டையின் நீர்மட்டத்தை ஓர் அளவுக்குமேல் உயராமல் வைத்திருக்க முடியும். அந்தக் குழாயின் செலவையும் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் நீங்கள் ஏற்பதாக எழுத்தில் கொடுத்தால் மூன்றாமவர் யோசிப்பார்.

பதில்: கரையோரம்

இருவருக்கும் நன்றி. பெரியவரிடம் மீண்டும் போகிறேன். ஆனால் "அரசு நிலத்தைக் கேட்கும்" என்பவருக்கு என்ன சொல்வது? அவரிடம் ஒப்பந்தத்தை நீட்டினாலே சந்தேகம் வருகிறது. ஓடைக்குள் கட்டை போட்டு, அது வெள்ளத்தில் அடித்துப்போய்க் கீழுள்ளவரின் பாலத்தை உடைத்தால் யார் பொறுப்பு என்றும் கேட்கிறார்.

பதில்: கையொப்பமிடுமுன்

ஒப்பந்தங்களை ஆயத்தம் செய்யும் வேலையில் இருக்கிறேன், இருப்பினும் இது சட்ட ஆலோசனை அல்ல. அவர் தம் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடட்டும், அதற்கு நீங்களே வற்புறுத்துங்கள்.

கூட்டாட்சி வேளாண் துறையும் மாநிலமும் இணைந்து நடத்தும் கிரெப் (CREP) என்ற நிலப் பாதுகாப்புத் திட்டத்தில் நிலம் கைமாறுவதில்லை. 10 முதல் 15 ஆண்டுகளுக்கு, கரையோரத்தை விவசாயத்திலிருந்து விலக்கி வைப்பதற்காக உரிமையாளருக்கு ஆண்டுதோறும் வாடகை கிடைக்கும். நடவுச் செலவும் வேலிச் செலவும் திட்டத்தின் பொறுப்பு. பொதுமக்களை உள்ளே விட வேண்டியதில்லை. அவர் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. இடையில் நிலத்தை விற்றால், வாங்குபவர் ஒப்பந்தத்தைத் தொடர வேண்டும், இல்லையேல் பெற்ற பணத்தைத் திருப்பித் தர நேரிடும். இதை நீங்கள் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் அவராகக் கண்டுபிடித்தால் எல்லாம் பாழ்.

கட்டைகளைப் பொறுத்தவரை, கையால் கரையில் மரம் நடுவதற்குப் பொதுவாக அனுமதி வேண்டியதில்லை. ஓடையின் படுகையைத் தொட்டால் மாநில மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் நீர்ப்பணி ஒப்புதல் கட்டாயம். சரளையில் முட்டைகள் இல்லாத கோடையின் சில வாரங்களில்தான் இயந்திரம் இறங்க முடியும். பொறுப்பைப் பற்றிய அவருடைய கேள்விக்கு மாநிலச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட வாழிடத் திட்டப் பட்டியலில் இடம்பெற்று, அனுபவமுள்ள உரிமம் பெற்ற பொறியாளரோ நிலவியலாளரோ வடிவமைத்து, நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய அளவு பெரிய வெள்ளத்தைத் தாங்கும்படி அமைத்து, பெரிய கட்டை ஒவ்வொன்றிலும் அடையாள எண் பொருத்தி, இவை போன்ற நிபந்தனைகள் நிறைவேறியதாக உரிமையாளருக்கு அறிவிப்பும் கொடுத்திருந்தால், அத்திட்டத்தால் நேரும் சொத்துச் சேதத்துக்கு அவர் பொறுப்பாக மாட்டார். நிபந்தனைகள் ஒவ்வொன்றும் நிறைவேறியாக வேண்டும் என்பதால், திட்டத்தை அந்தப் பட்டியலில் சேர்க்காமல் கட்டை போடும் யோசனையைக் கைவிடுங்கள்.

2022 மசோதாவைப் பற்றி: அது நிறைவேறவில்லை என்று மட்டும் சொல்லுங்கள், இனி வராது என்று சொல்லாதீர்கள். அந்த வாக்குறுதியைத் தர உங்களால் முடியாது. 1855-இல் பழங்குடியினரோடு செய்துகொண்ட பாயின்ட் எலியட் உடன்படிக்கையும், மீன்பிடியில் பாதிப் பங்கு அவர்களுடையது என்ற 1974-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் நடப்பில் இருக்கும்வரை, மீனுக்கு வாழிடம் வேண்டும் என்ற கோரிக்கை ஏதாவது ஒரு வடிவில் திரும்பி வந்துகொண்டேதான் இருக்கும்.

பதில்: மேய்ச்சல்நிலம்

விட்டுப்போன ஒன்று. அந்த வெப்பநிலைக் கணக்கை உங்கள் கணினியில் வைத்துக்கொண்டு சொல்லாதீர்கள். நால்வருக்கும் ஆளுக்கொரு வெப்பமானிப் பதிவுக் கருவி கொடுத்து, ஓடை நிலத்துக்குள் நுழையும் இடத்தில் ஒன்றும் வெளியேறும் இடத்தில் ஒன்றுமாக அவர்களையே வைக்கச் சொல்லுங்கள். எனக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். என் வேலிக்குள் தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறதென்று நானே படித்தபின் யாரும் எனக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கருவியை ஓடும் நீரில், நேர் வெயில் படாமல் மறைத்துக் கட்டச் சொல்லுங்கள், ஆகஸ்டில் நீர்மட்டம் இறங்கினாலும் மூழ்கியிருக்கும் ஆழத்தில்.

பதில்: கரையோரம்

ஆளுக்கு ஒன்று என்றால் இரண்டு இடத்துக்குப் போதாதே, ஆளுக்கு இரண்டாக எட்டுக் கருவிகள் வேண்டும். அலுவலகத்தில் ஐந்து இருக்கின்றன. மேல்பகுதிக்காரர் ஒருவரிடம் மூன்று சும்மா கிடப்பதாக நினைவு. நாளை அவரையே அழைத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போகிறேன்.