மூன்றாவது பெட்டிக்கும் சரி போடவா?

தர்ஷி: எல்லோரும் நித்திரையா? நிலாவெளி ஹோட்டல் வேலைக்கு ஒன்லைனில் விண்ணப்பிக்கிறேன். இன்று இரவு 12 மணியோடு முடிகிறது. கடைசிப் பக்கத்தில் மூன்று பெட்டி. மூன்றுக்கும் சரி போடவா?

குஞ்சம்மா: போடு பிள்ளை

பெரியண்ணா: நில். என்ன எழுதியிருக்கிறது?

தர்ஷி: தந்த விபரங்கள் உண்மை. தனியுரிமை அறிவித்தலை வாசித்து விளங்கிக்கொண்டேன். மூன்றாவது, இப்போதைய வேலையிடத்தில் என்னைப் பற்றி விசாரிக்கவும் விபரங்களை மற்ற நிறுவனங்களுக்குக் கொடுக்கவும் சம்மதிக்கிறேன்.

உவர்மலை மாமா: இதற்கென்ன யோசனை. நாங்கள் ஒரு கையெழுத்தோடு வேலைக்குப் போனவர்கள்.

மாமி: பிணைக் கையெழுத்தும் அப்படித்தானே போட்டீர்கள்

சித்தப்பா: அந்தக் கதை ஏன் இப்போது

பெரியண்ணா: தங்கச்சி, வாசித்தேன் என்பது வேறு, சம்மதம் வேறு. முதல் இரண்டுக்கும் சரி போடலாம், ஆனால் அறிவித்தலை உண்மையாகவே வாசித்துவிட்டுப் போடு. மூன்றாவதுதான் அனுமதி. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், சம்மதம் என்றால் விரும்பி, விபரம் தெரிந்து, குறிப்பிட்ட ஒரு தேவைக்குத் தருவது. பிறகு திரும்பப் பெறவும் வழி உண்டு. இவர்கள் விசாரிப்பதையும் பகிர்வதையும் ஒரே பெட்டியில் அடைத்திருக்கிறார்கள். அடையாள அட்டையும் கேட்டார்களா?

தர்ஷி: ஓம். இரண்டு பக்கமும் படம்.

பெரியண்ணா: வேலை கிடைக்க முதலே எதற்கு? புதிய 12 இலக்கத்தில் முதல் 4 பிறந்த ஆண்டு, அடுத்த 3 இலக்கம், பிறந்த நாள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருக்கும். இலக்கத்தை வைத்தே வயது சொல்லலாம்.

மாமி: என் இலக்கத்தை யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம் 😄 நாளை பத்திரகாளி அம்மன் கோவிலுக்கு யாருடைய வான்?

சித்தப்பா: என்னுடையது

உவர்மலை மாமா: அப்போது நான் ஆட்டோவில் வருகிறேன்

தர்ஷி: அண்ணா, 11.20 ஆகிவிட்டது. இங்கே முதலாளிக்குத் தெரிந்தால் இருக்கிற வேலையும் போகும்.

பெரியண்ணா: அதுதான் என் பயம். மூன்றாவதை விட்டுவிட்டு அனுப்பிப் பார்.

தர்ஷி: அனுப்ப விடவில்லை. சிவப்பாக வருகிறது.

குஞ்சம்மா: போட்டு அனுப்பு

சித்தப்பா: போடாதே. காலையில் நான் நேரே போய்க் கேட்கிறேன்.

தர்ஷி: காலையில் முடிந்துவிடும் சித்தப்பா

பெரியண்ணா: குறிப்பு எழுத இடம் இருக்கா? "வேலை உறுதியான பின் மட்டும் விசாரிக்கவும்" என்று எழுது. பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வை. எதற்குச் சம்மதித்தாய் என்று பிறகு காட்ட உன்னிடம் அதுதான் இருக்கும்.

உவர்மலை மாமா: எழுதிவிட்டுப் போடு பிள்ளை. நான் எழுதாமல்தான் போட்டேன்.

தர்ஷி: எழுதுகிறேன் மாமா. 11.41

மாமி: வான் எத்தனை மணிக்கு?