எல்க் வேட்டைக்கு .30-06: 150 கிரெய்ன் போதுமா, 180க்கு மாறணுமா?

கணவாய்க்காற்று:
அமெரிக்காவின் கொலராடோவில் அக்டோபர் சீசனுக்கு எல்க் (பெரிய மான் வகை) வேட்டை லைசன்ஸ் எடுத்திருக்கிறேன். ரைஃபிள் .30-06 (தோட்டா வகையின் பெயர்), 22 அங்குலக் குழல். சின்ன மானுக்கு 150 கிரெய்ன் (குண்டின் எடையளவு) சாதாரணக் குண்டுதான் பயன்படுத்துகிறேன். எல்க்குக்கும் அது போதுமா? 300 கஜத்துக்கு மேல் சுட மாட்டேன். முழுச் செம்புக் குண்டுக்குக் கொடுக்கிற காசு தகுமா?

மேட்டுநிலம்:
எடைக்கு முன்னால் குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்று பாருங்கள் நண்பரே. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோ தாண்டும், தோள் எலும்பும் தடிமன். சாதாரணக் குண்டில் ஈயத்தின் மேல் மெல்லிய செம்பு உறை, இரண்டும் ஒட்டியிருக்காது. 50 கஜத்தில், வேகம் குறையாமல் போய்த் தோளில் பட்டால் உறை தனி, ஈயம் தனியாகச் சிதறும். நுரையீரல் வரை போகாது. காயத்தோடு விலங்கு மலை தாண்டி ஓடிவிடும், அதைவிடக் கொடுமை வேறில்லை.

நோஸ்லர் பார்டிஷன் என்கிற குண்டில் நடுவே ஒரு செம்புத் தடுப்பு உண்டு. முன்பாதி விரிந்து தேய்ந்தாலும் பின்பாதி அப்படியே உள்ளே துளைக்கும். 1948இலிருந்து விற்பனையில் இருக்கிறது, இன்றும் என் முதல் தேர்வு 180 கிரெய்ன் பார்டிஷன்தான். உறையும் ஈயமும் ஒட்டவைத்த அக்யூபாண்ட் வகையும் நல்லது. மேட்ச் குண்டு (சுடும் போட்டிக்கானது) வேண்டவே வேண்டாம், அது அட்டையில் ஓட்டை போடச் செய்தது.

செம்புமுனை:
செம்புக்குக் காசு தகும், ஆனால் 180 தேவையில்லை. பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் போன்ற முழுச் செம்புக் குண்டுகள் எடையை ஏறக்குறைய முழுதாகத் தக்கவைப்பதால் 165 அல்லது 168 கிரெய்ன் போதும். செம்பு ஈயத்தைவிட லேசு, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும். நீளமான குண்டு நிலையாகப் பறக்க அதை வேகமாகச் சுழற்ற வேண்டும்; உங்கள் குழலின் ட்விஸ்ட் (உள்ளே முறுக்காக ஓடும் வரிப்பள்ளம்) 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் கவலையில்லை.

கவனிக்க வேண்டியது வேகம். படும்போது நொடிக்கு 1800 முதல் 2000 அடியாவது இல்லையென்றால் செம்பு சரியாக விரியாது, பென்சில் குத்தியதுபோல் சின்னத் துளையோடு வெளியே போய்விடும். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் அளந்தது. உங்கள் 22 அங்குலக் குழலுக்கு நொடிக்கு 50 அடி போலக் கழித்துக்கொள்ளுங்கள். அப்படியும் 300 கஜத்தில் 2000க்கு மேல் இருக்கும்.

வீட்டில் குழந்தைகள் அந்த இறைச்சியைச் சாப்பிடுவார்கள் என்றால் நான் செம்பைத்தான் சொல்வேன். ஈயத் துகள் காயத்தைச் சுற்றி வெகுதூரம் பரவும், கண்ணுக்குத் தெரியாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது.

கணவாய்க்காற்று:
நன்றி இருவருக்கும். அப்படியானால் 150 சட்டப்படியே கூடாதா?

மேட்டுநிலம்:
சட்டப்படி கூடும். கொலராடோவில் எல்க்குக்கு 6 மிமீ விட்டம், விரியும் குண்டு, 85 கிரெய்ன், 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல், இவ்வளவுதான் குறைந்தபட்சம். உங்கள் 150 அதை எளிதில் தாண்டும். தோளில் பட்டால் தாங்குமா என்பதை அந்த விதி சொல்லாது.

எதை வாங்கினாலும் பழைய ஸ்கோப் செட்டிங்கை நம்பாதீர்கள், குண்டு மாறினால் படும் இடமும் மாறும். பார்டிஷனில் ஒரு பெட்டி, செம்பில் ஒரு பெட்டி வாங்கி, குழலை ஆறவிட்டு மும்மூன்றாகச் சுடுங்கள். செம்புக்கு மாறும் முன் குழலில் படிந்த பழைய செம்பைக் கரைப்பான் போட்டு எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் குண்டுகள் நெருக்கமாக விழாமல் சிதறும். நெருக்கமாக விழுவதை வைத்துக்கொண்டு 100 கஜத்தில் 2 அங்குலம் மேலே படும்படி வையுங்கள். 200இல் நேராகப் படும், 300இல் 8 அங்குலம் போலத் தாழும். அந்த 300ஐயும் ரேஞ்சில் சுட்டுப் பார்த்துவிட்டே போங்கள்.