லேப்டாப் சூடாகி டப்புனு ஆஃப் ஆயிருது, கடைல போர்டு போச்சுங்கறாங்க, நம்பலாமுங்களா?

நூல்கண்டு:
வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு சின்ன பனியன் யூனிட்ல கணக்கும் லேபிள் டிசைனும் நாந்தான் பாக்கறேன். 2018ல வாங்குன லேப்டாப், ஐ5 8250யூ, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி பின்னாடி போட்டது. டேலி மட்டும் ஓடுனா ஓரளவு தாங்குது, கோரல் டிரா தொறந்து ரெண்டு பெரிய ஃபைல் போட்டா போதும், கீபோர்டு மேல் வரிசைல கை வைக்க முடியாத சூடு, ஃபேன் கத்தோ கத்துனு கத்தி அப்புறம் ஒரு எச்சரிக்கையும் இல்லாம டப்புனு ஸ்கிரீன் கறுப்பாயிருது. உடனே ஆன் பண்ணா வராது, ஒரு டீ குடிச்சுட்டு வந்து அமுத்துனா வந்துருது. இதுல கொடுமை என்னன்னா சில நாள் சும்மா டேலில எண்ட்ரி போட்டுட்டு இருக்கறப்பவே கூட ஆஃப் ஆகுது, அப்ப அவ்வளவு சூடும் இருக்கறதில்லைங்க. செக்கிங் டேபிள்ல பிசிறு ஊதற ஏர் கன்னை வச்சு பக்கவாட்டு ஓட்டைல ஊதி விட்டேன், கொஞ்ச நாள் பரவால்லாம இருந்துச்சு, மறுபடி அதே கதை. கடைல குடுத்தா மதர்போர்டு போச்சு, 9,000 ஆகும், அதுக்கு புதுசே வாங்கிருங்கங்கறாங்க. மாசக் கடைசி, ஜிஎஸ்டி ஃபைலிங் வேற நிக்குது. என்ன பண்ணலாமுங்க?

கத்திரி_மதுரை:
கூலிங் பேட் ஒண்ணு வாங்கி அடில வைங்க பாஸ், 600 ரூவாக்கு கெடைக்கும். எனக்கு மே மாசம் முழுக்க அதுதான் காப்பாத்துது.

பழைய_சால்டர்:
கூலிங் பேட் உள்ள அடைப்பு இல்லாத மெஷினுக்கு உதவும், அடைச்சுப் போன மெஷினுக்கு அடில இருந்து காத்து அடிச்சு பிரயோஜனம் இல்ல. அதை அப்புறம் பாக்கலாம்.

நூல்கண்டு சார், உங்க போஸ்ட்ல எனக்கு முக்கியமா பட்டது அந்த "சூடு இல்லாதப்பவும் ஆஃப் ஆகுது"ங்கற வரிதான். உங்களுக்கு ஒரு வியாதி இல்ல, ரெண்டு இருக்கலாம். ப்ராசசர் சூட்டுல எப்படி நடந்துக்கும்னா, உங்க 8250யூக்கு லிமிட் 100 டிகிரி, அதை நெருங்கும்போது மொதல்ல ஸ்பீடை தானே குறைச்சுக்கும், அப்ப எல்லாம் இழுத்துக்கிட்டு ஓடும், அதையும் மீறி ஏறினாத்தான் போர்டு எரிஞ்சிறக் கூடாதுன்னு பவரை கட் பண்ணும். அதனால சூட்டுல ஆஃப் ஆகுற மெஷின் பொதுவா அதுக்கு முன்னாடி ஆமை வேகத்துக்கு வந்திருக்கும். நல்லா ஓடிக்கிட்டு இருந்தது திடீர்னு போச்சுன்னா பவர் பக்கம், அதாவது பேட்டரி, அடாப்டர், ஜாக், இதுல ஒண்ணைத்தான் மொதல்ல சந்தேகப்படணும்.

காசு செலவு பண்ணறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. விண்டோஸ் தனக்கு நடந்ததை எழுதி வைக்கிற ஈவென்ட் வியூவர் தொறந்து விண்டோஸ் லாக்ஸ், அதுல சிஸ்டம். ஆஃப் ஆன நேரத்துக்குப் பக்கத்துல கெர்னல்-பவர்னு சிவப்புல 41ங்கற ஈவென்ட் நம்பர் இருக்கும், அதைப் பாத்து நெட்ல தேடி பயந்துராதீங்க, அது "ஒழுங்கா ஷட் டவுன் ஆகல"ன்னு மட்டும்தான் சொல்லுது, ஏன்னு சொல்லாது. அதுகூட 86ன்னு ஒண்ணு இருந்தா அது சூட்டுக்கு உண்டானது. ஆனா 86 இல்லைன்னா சூடே இல்லன்னும் முடிவு கட்ட முடியாது, போர்டு நேரா கட் பண்ணிட்டா விண்டோஸுக்கு எழுதி வைக்கவே நேரம் இருக்காது. அதனால சூட்டை அளந்து காட்டுற எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரை எறக்கி சென்சார்ஸ் ஒன்லில ஓட்டி கீழ இருக்கற லாக் பட்டனை அமுத்தி விடுங்க, சிஎஸ்வி ஃபைலா எழுதிக்கிட்டே இருக்கும். அடுத்த தடவ செத்தப்புறம் அந்த ஃபைலோட கடைசி வரிசைல என்ன டிகிரின்னு பாத்தா விஷயம் வெளிய வந்துரும்.

அப்படியே பேட்டரி ரிப்போர்ட்டும் எடுங்க. கமாண்ட் ப்ராம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட். இதைப் பூரா இங்கிலீஷ்ல அடிக்கணும். டிசைன் கபாசிட்டி (புதுசுல புடிச்ச சார்ஜ்) எவ்வளவு, ஃபுல் சார்ஜ் கபாசிட்டி (இப்ப புடிக்கிறது) எவ்வளவுன்னு இங்க போடுங்க.

போர்டு முழுசா போயிருந்தா டீ குடிச்சுட்டு வந்தா ஆன் ஆகாது சார்.

பிசிறு:
நானும் திருப்பூர்தாங்ணா, நிட்டிங் பக்கம். நம்மூர் லேப்டாப்புக்கு மத்த ஊர்க்காரங்க சொல்ற வைத்தியம் பாதிதான் பலிக்கும். தூசின்னா அங்க மண் தூசி, ஊதுனா பறந்துரும். நம்முளுது பஞ்சு. ஃபேன் உள்ள இழுக்கற பஞ்சு, ஃபேனுக்கும் அந்தச் சின்னச் சின்ன செம்புத் தகடு இருக்குதுல்ல, ஃபின்னு, அதுக்கும் நடுவுல போய் படிஞ்சு படிஞ்சு கம்பளித் துணியாட்டம் ஒரு பட்டையா உக்காந்துக்கும். வெளிய இருந்து ஏர் கன்ல ஊதுனா பட்டை ஃபேன் பக்கமா கொஞ்சம் பின்னால நகரும், காத்து போக வழி கெடைக்கும், அதான் உங்களுக்கு கொஞ்ச நாள் நல்லா இருந்துருக்குது. அப்புறம் ஃபேன் அதைத் திரும்ப இழுத்து அதே எடத்துல ஒட்டிருது.

கம்ப்ரசர் காத்து மட்டும் இனி அடிக்காதீங்க. அதுல தண்ணி வரும், எண்ணெயும் வரும், அந்த வேகத்துல ஃபேன் தாறுமாறா சுத்தி பேரிங் போயிரும். பின் மூடியத் தொறந்து, மொத வேலையா பேட்டரி கனெக்டரைக் கழட்டிப்போட்டு, ஃபேன் திருகு ரெண்டோ மூணோ இருக்கும், ஃபேனை மட்டும் தூக்குங்க. பட்டை கண்ணுக்கே தெரியும். ட்வீசர்ல ஒரு ஓரத்தப் புடிச்சு இழுத்தா முழுசா வந்துரும். திருகு நீளம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்ங்ணா, ஒரு பேப்பர்ல லேப்டாப் படம் வரஞ்சு அந்தந்த எடத்துல குத்தி வச்சுக்கங்க, நீளத் திருகை குட்டைத் திருகு எடத்துல போட்டு முறுக்குனா போர்டோ டச்பேடோ நெஜமாவே போயிரும்.

கத்திரி_மதுரை:
8 வருஷப் பழைய மெஷினுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா? மாத்திட்டுப் போயிறலாமே.

பழைய_சால்டர்:
8250யூ எட்டாவது ஜெனரேஷன், விண்டோஸ் 11 லிஸ்ட்ல இருக்கு. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது, ஏழாவது ஜெனரேஷனா இருந்திருந்தா நானே யோசிங்கன்னு சொல்லியிருப்பேன். டேலிக்கும் கோரலுக்கும் இது தாராளம்.

நூல்கண்டு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. லாக் போட்டுப் பாத்தேன். கோரல்ல ஆஃப் ஆனப்ப கடைசி வரிசைல 99, அதுக்கு மேல நெறைய வரிசைக்கு 97, 98தான், ஈவென்ட்ல 86ம் இருக்குதுங்க. ஆனா டேலில ஆஃப் ஆனப்ப வெறும் 63 டிகிரி, 41 மட்டும்தான். பேட்டரி ரிப்போர்ட்ல டிசைன் 42,000, ஃபுல் சார்ஜ் 11,200னு காட்டுது. அடாப்டர் எப்பவும் சொருகியேதான் இருக்கும், டேபிள் ஆடுனா சார்ஜ் லைட் ஒரு தடவை மினுங்கும், அதை நான் பெருசா எடுத்துக்கலை. இன்னொண்ணு, டச்பேடு கிளிக் ஆகறதே இல்ல, கல்லாட்டம் இருக்குது. மவுஸ் இருக்கறதால கண்டுக்காம விட்டுட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குதுங்களா?

பழைய_சால்டர்:
இருக்கு. மத்ததெல்லாம் அப்புறம், இதை மொதல்ல கவனிங்க. நெறைய மாடல்ல டச்பேடுக்கு நேர் கீழதான் பேட்டரி. டச்பேடு எழும்பி கிளிக் ஆகலைன்னா பேட்டரி ஊதிருக்குன்னு வச்சுக்கிட்டு வேலை பாருங்க. அடாப்டரை உருவிருங்க, சார்ஜ் போடாதீங்க, டச்பேடை அமுக்கிப் பாக்காதீங்க, மூடியத் தொறக்கும்போது ஸ்க்ரூ டிரைவரை உள்ள விட்டு நெம்பாதீங்க. ஓட்டை விழுந்தா தீப்பிடிக்கும். தைரியம் இல்லைன்னா அதை மட்டும் ஒரு கடைல, உங்க கண்ணு முன்னாடி கழட்டச் சொல்லுங்க.

டேலில ஆஃப் ஆனதுக்கும் இதுதான் காரணமா இருக்கணும். ஜாக் லூஸ், டேபிள் ஆடுனா ஒரு நொடி கரண்ட் விட்டுப் போகுது. நல்ல பேட்டரியா இருந்தா அந்த நொடியைத் தாங்கியிருக்கும், உங்களுதுல சரக்கு இல்ல, அப்படியே படுத்துருது. பேட்டரி புதுசு போட்டுட்டு ஜாக்கையும் பாத்துருங்க, நெறைய மாடல்ல ஜாக் தனி ஒயரோட வரும், சால்டரிங் கூட வேண்டாம். அதுவரைக்கும் பேட்டரி இல்லாம அடாப்டர்லயே ஓட்டலாம், பெரும்பாலும் ஓடும், சில மெஷின் ஸ்பீடைக் குறைச்சுக்கும், ஆனா ஜாக் அசைஞ்சா எண்ட்ரி காலி, அதனால டேலி பேக்கப் எடுத்துட்டு உக்காருங்க.

ஊதுன பேட்டரியைக் குப்பைல போட்றாதீங்க. 2022 பேட்டரி வேஸ்ட் விதிப்படி விக்கிற கம்பெனிதான் திரும்ப வாங்க ஏற்பாடு பண்ணணும், சர்வீஸ் சென்டர்ல கேளுங்க.

ரிச்சி_பையன்:
சூட்டுப் பக்கம் நான் ரெண்டு வார்த்தை. மூடி தொறந்தது தொறந்தாச்சு, ப்ராசசர் சிப்புக்கும் அதோட சூட்டை இழுக்கற ஹீட்சிங்குக்கும் நடுவுல தடவியிருக்கற பேஸ்ட்டும் மாத்திருங்க, 2018 பேஸ்ட்டு இந்நேரம் சுண்ணாம்பு மாதிரி காஞ்சிருக்கும். ஹீட்சிங்க் திருகு பக்கத்துல 1, 2, 3, 4ன்னு நம்பர் அடிச்சிருப்பாங்க, ஒண்ணை மட்டும் முழுசா கழட்டாம எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணுங்க. பழசை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைங்க. லேப்டாப் சிப்புக்கு மேல டெஸ்க்டாப் மாதிரி மூடி கிடையாது, நடுவுல ஒரு சொட்டு வெச்சுட்டு விட்டா ஓரம் காஞ்சுபோய் நிக்கும், அதனால மெலிசா முழுசும் தடவிருங்க. பேஸ்ட்டுக்குப் பதிலா லிக்விட் மெட்டல் யாராவது விக்கப் பாத்தா வேண்டாம்னு வந்துருங்க, அது அலுமினியத்தை அரிக்கும், வெளிய வழிஞ்சா ஷார்ட்டு. மெமரி மேல சாம்பல் கலர்ல மெத்துனு பேட் இருந்தா அதைப் பேஸ்ட்டால ஈடுகட்ட முடியாது, கிழியாமப் பாத்துக்கங்க.

ஜிஎஸ்டி முடியற வரைக்கும் தள்ளணும்னா பவர் ஆப்ஷன்ஸ்ல மேக்சிமம் ப்ராசசர் ஸ்டேட்டை 99 ஆக்குங்க. ஒரு சதவீதம்தானேன்னு தோணும், ஆனா ப்ராசசர் தானா ஸ்பீடைக் கூட்டிக்கற டர்போ மொத்தமா நின்னுரும், 3.4 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஏறாது, சூடு நல்லாவே எறங்கும். அண்டர்வோல்ட்டும், அதாவது ப்ராசசருக்குப் போற வோல்டேஜைக் கொஞ்சம் குறைக்கறது, பண்ணலாம், ஆனா 2019 டிசம்பர்ல பிளண்டர்வோல்ட்னு ஒரு செக்யூரிட்டி ஓட்டை வெளிய வந்து, அதுக்கப்புறம் வந்த பயாஸ்ல நெறைய மெஷின்ல அதைப் பூட்டிட்டாங்க.

நூல்கண்டு:
பேட்டரியக் கடைல கண்ணு முன்னாடியே கழட்டியாச்சுங்க, தலகாணியாட்டம் ஊதியிருந்துச்சு. பிசிறு சொன்ன பட்டையும் அச்சு அசலா அப்படியே வந்துச்சு, எங்க யூனிட்ல போன சீசன் ஓட்டுன மெரூன் கலர் வேற. பேஸ்ட்டும் போட்டாச்சு. இப்ப கோரல்ல அதே ஃபைலுக்கு 78, 80 தாண்டறதில்ல. 9,000 ஆகற எடத்துல பேட்டரி, ஜாக், பேஸ்ட் எல்லாஞ் சேத்து 3,000க்குள்ள முடிஞ்சுதுங்க. ஃபேன் மட்டும் ஆரம்பிக்கறப்ப கர்ருனு ஒரு சத்தம், அப்புறம் சரியாயிருது. எண்ணெய் விட்டா போதுங்களா?

பிசிறு:
எண்ணெய் விடாதீங்ணா, நம்மூர் பஞ்சுக்கு அது பசையாட்டம். ஃபேனையே மாத்திருங்க, ஃபேன் ஸ்டிக்கர்ல இருக்கற பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துட்டுப் போங்க, மாடல் பேரைச் சொல்லி வாங்குனா ஒயர் நீளம் மாறி வந்துரும்.